வேலையைக் கொடுத்தேன், முடிவைக் கொடுக்கவில்லை

எங்கள் தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ராஜினாமா கடிதம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருக்கு அப்போது 27 வயது. எனக்குப் பிறகு இந்த நிறுவனத்தை அவர்தான் நடத்துவார் என்று நான் மனதுக்குள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். அதை அவரிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சம்பளம் போதவில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அதுவும் இருக்கு அக்கா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "இங்கே வேலைக்குக் குறைவே இல்லை. ஆனால் இது நான் முடிவெடுத்து நடந்தது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எனக்குக் காட்டத் தெரியவில்லை."

அன்று இரவு அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடத்தில் ஆறு பயிற்சிகளுக்கு அவரை அனுப்பியிருந்தேன். தலைமைப்பண்பு, திட்டமிடல், நிதி திரட்டுதல் என்று சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. ஆனால் அவர் சொன்னது உண்மை. அடுத்த கற்றல் மையத்தை எங்கே திறப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, பட்ஜெட்டில் கை வைக்க வேண்டி வந்தால் எதைக் குறைப்பது, எந்த நன்கொடையாளரிடம் 'இது எங்களால் முடியாது' என்று சொல்வது, இதில் ஒன்றைக்கூட அவர் தீர்மானிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அவர்தான் தகவல் திரட்டினார், அறிக்கை எழுதினார், இரவு உட்கார்ந்து அட்டவணை போட்டார். கடைசியில் நான் வந்து முடிவைச் சொன்னேன்.

ஒரு சந்திப்பு நினைவுக்கு வந்தது. ஒரு நன்கொடை அமைப்பிலிருந்து வந்திருந்தவர், மையங்களுக்கு வரும் பிள்ளைகள் ஏன் இடையில் நின்றுவிடுகிறார்கள் என்று அவரைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு அதற்கான பதில் என்னைவிட நன்றாகவே தெரியும். வீடு வீடாகப் போய்ப் பேசியவர் அவர்தான். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு உதவுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். அந்தச் சின்ன அசைவு இவ்வளவு வருடம் கழித்தும் என் கண்ணில் இருக்கிறது.

1980களில் அமெரிக்காவில் உள்ள சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், நிர்வாகிகளிடம் எதிலிருந்து கற்றுக்கொண்டீர்கள் என்று விசாரித்தார்கள். பயிற்சித் துறையில் இன்று எல்லோரும் சொல்லும் 70-20-10 கணக்கு அதிலிருந்து வந்ததுதான். கற்றதில் ஏறக்குறைய 70 சதவீதம் சவாலான வேலையைச் செய்ததால், 20 சதவீதம் மற்றவர்களோடு பழகியதால், 10 சதவீதம் வகுப்பறையில் என்பார்கள். அந்த எண்களைத் தராசில் நிறுத்ததுபோல் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்து உருவானவை அவை. ஆனால் அந்தக் கணக்கு காட்டும் திசை சரி. நான் அவருக்குக் கொடுத்தது அந்தப் பத்தை மட்டும்தான்.

இது எங்கள் ஒரு நிறுவனத்தின் கதையும் இல்லை. தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் அமெரிக்க அமைப்பான பிரிட்ஜ்ஸ்பான் குழுமம் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு 6,40,000 புதிய மூத்த நிர்வாகிகள் தேவைப்படுவார்கள், பெரிய பற்றாக்குறை வரப்போகிறது என்றது அது. அதே குழுமம் 2015-இல் திரும்பிப் பார்த்தபோது பிரச்சினை வேறு இடத்தில் இருப்பதாகச் சொன்னது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் நிரப்பப்பட்ட மேல்மட்டப் பதவிகளில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் உள்ளே இருந்தவர்களுக்குப் போயிருந்தது. வளர இடமில்லாமல் ஆட்கள் வெளியேறுகிறார்கள், பிறகு அந்த இடங்களுக்கு வெளியே ஆள் தேடுகிறோம். அதைப் படித்தபோது எங்கள் அலுவலகத்தை யாரோ நேரில் வந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

சரி, அடுத்து என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

அவர் போன இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். எங்கள் மையத்திலேயே களப்பணியாளராக இருந்தவர். அவரைத் தேர்ந்தெடுத்த விதமும் பழைய விதம் இல்லை. அதுவரை கூட்டத்தில் நன்றாகப் பேசுபவரை, அறிக்கையை அழகாக எழுதுபவரைத்தான் 'இவருக்குத் தலைமைப்பண்பு இருக்கிறது' என்று குறித்துவைப்போம். இந்த முறை மற்ற பணியாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "களத்தில் ஒரு சிக்கல் வந்தால் முதலில் யாருக்குப் போன் பண்ணுவீர்கள்?" பெரும்பாலானவர்கள் ஒரே பெயரைச் சொன்னார்கள். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுபவர். நாங்கள் யாருக்காக வேலை செய்கிறோமோ அந்த மக்களுக்குள் பிறந்து வளர்ந்தவர். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவர் இன்னும் பத்து வருடம் கடைசி வரிசையிலேயே இருந்திருப்பார். இளம் தலைவர்கள் கிடைப்பதில்லை என்று யாராவது என்னிடம் வருத்தப்பட்டால், இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில், நீயே முடிவு செய்யலாம், என்னிடம் சொல்லக்கூட வேண்டாம் என்பவை. இரண்டாவதில், நீயே முடிவு செய், பிறகு எனக்குத் தெரிவித்தால் போதும் என்பவை. மூன்றாவதில், முடிவுக்கு முன்னால் என்னோடு பேச வேண்டியவை. எழுத ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, என் மனதில் எல்லாமே மூன்றாவது கட்டத்தில் இருந்தன. மையத்துக்குக் கரும்பலகை வாங்குவதுகூட! ஒவ்வொன்றையும் 'இது ஏன் என்னிடம் வர வேண்டும்?' என்று எனக்கு நானே கேட்டுக் கேட்டு இடதுபக்கம் நகர்த்தினேன். நேர்மையான காரணம் இருந்தவை மூன்றுதான்: பிள்ளைகளின் பாதுகாப்பு, கணக்கு வழக்கு, சட்டப்படி செய்ய வேண்டியவை. இந்த மூன்றிலும் பழகிப் பார்க்கிறேன் என்று யாரையும் தனியாக விட முடியாது. ஒருவர் கற்றுக்கொள்வதற்கு ஒரு பிள்ளை விலை கொடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் தவறினால் திருத்திக்கொள்ளக் கூடியவைதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, இன்னும் எதை இடதுபக்கம் நகர்த்தலாம் என்று பார்த்தோம். இதை வாய்வார்த்தையாக வைத்துக்கொண்டிருந்தால் நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். 'உனக்கு முழுச் சுதந்திரம் உண்டு' என்று பொதுவாகச் சொன்னால், எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இளையவர்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். எழுதி வைத்தால் கேட்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், நான் மீறும்போது அவர்கள் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம். அவர் இரண்டு முறை காட்டியிருக்கிறார்.

முதல் சோதனை ஆறாவது மாதத்தில் வந்தது. மையங்களை மாலையிலிருந்து காலைக்கு மாற்றப்போகிறேன் என்றார். மாலையில் பிள்ளைகள் களைத்துப்போய் வருகிறார்கள், பாடம் மண்டையில் ஏறுவதில்லை என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாக வராது என்று தோன்றியது. பல வருடங்களுக்கு முன் நாங்கள் முயன்று விட்ட விஷயம்தான். ஆனால் நேர அட்டவணை முதல் கட்டத்தில் இருந்தது. முன்பு நடந்ததை மட்டும் சொன்னேன், முடிவை அவரிடமே விட்டேன். அவர் மாற்றினார். இரண்டே வாரத்தில் வருகை பாதியாக விழுந்தது.

அந்த இரண்டு வாரம் எனக்குச் சுலபமாகப் போகவில்லை. ஒரு போன் செய்தால் பழையபடி மாலைக்கே மாற்றிவிடலாம். ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் பாடத்தை இழக்கிறார்களே என்ற உறுத்தல் வேறு. மூன்றாவது வாரத்துக்குள் சரியாகாவிட்டால் நானே பேசுவது என்று எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டு, அதுவரை கேள்வி மட்டும் கேட்டேன். "வராத பிள்ளைகள் எந்த வகுப்பு?" "அவர்கள் வீட்டில் காலை வேளை எப்படிப் போகிறது?" பதிலைத் தேடி அவரே வீடுகளுக்குப் போனார். வராதவர்களில் பெரும்பாலோர், காலையில் தம்பி தங்கையைக் கிளப்பிவிடும் பொறுப்பில் இருந்த மூத்த பெண் பிள்ளைகள். அவர்களுக்கு மாலை, சின்ன வகுப்புகளுக்குக் காலை என்று பிரித்தார். வருகை திரும்பியது மட்டும் இல்லை, சின்னப் பிள்ளைகளின் வாசிப்பும் நன்றாகத் தேறியது. நான் தலையிட்டு எல்லோரையும் மாலைக்குத் திருப்பியிருந்தால் இந்தப் பாதி-பாதி ஏற்பாடு எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

இந்த இடத்தில்தான் என்னுடைய இரண்டாவது தவறு. வருகை விழுந்திருந்த அந்த வாரத்தில் நிர்வாகக் குழுக் கூட்டம் வந்தது. உறுப்பினர் ஒருவர் எண்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். நான், "நேரத்தை மாற்றினார் தம்பி, அது அவருடைய முடிவு" என்றேன். பொய் இல்லை. அவருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் பெருமைகூட அதில் கலந்திருந்தது. அவர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஒரு மாதம் முதல் கட்டத்தில் இருந்த விஷயங்களுக்கும் என்னிடம் வந்து, "இப்படிச் செய்யலாமா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். கரும்பலகைக்குக்கூட.

முடிவெடுக்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அது தவறும்போது பழியையும் அவர் தலையிலேயே இறக்கினால், அடுத்த முறை அவர் முடிவெடுக்க மாட்டார். எந்த மனிதரும் எடுக்க மாட்டார். நிர்வாகக் குழுவுக்கும் நன்கொடையாளருக்கும் பதில் சொல்வது என் வேலை. அதற்குத்தான் நான் அந்த நாற்காலியில் இருக்கிறேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது நான், வருகை குறைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான், திரும்ப ஏறியது அவரால் என்று சொன்னேன். பழைய அவராகத் திரும்ப அவருக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

ஒரு வேலை முடிந்ததும் உட்கார்ந்து பேசும் முறையையும் அதற்குப் பிறகுதான் மாற்றினோம். அமெரிக்க ராணுவத்தில் தொடங்கிப் பல துறைகளுக்குப் பரவிய ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு செயல் முடிந்ததும் நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் வித்தியாசம் வந்தது, அடுத்த முறை என்ன செய்வோம். 'யார் தப்பு' என்ற கேள்வியே அதில் கிடையாது. நாங்கள் சேர்த்துக்கொண்ட ஒரே விதி, முதலில் பேசுவது நானாக இருக்க வேண்டும், அதுவும் என் பக்கத்தில் தவறியதைச் சொல்லி. மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களின் நாக்குக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது.

அடுத்து பணம். தொண்டு நிறுவனங்களில் இளையவர்களைப் பணத்திலிருந்து ரொம்பவே தள்ளி வைக்கிறோம். திட்ட அறிக்கை எழுதச் சொல்வோம், பட்ஜெட் தாளை மட்டும் கணக்காளரும் இயக்குநரும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு 35 வயதில் ஒருவரைத் திடீரென்று இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்து, நிறுவனத்தை ஓட்டு என்போம். ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்த நிதியை வேறு செலவுக்குத் தொடக்கூடாது, வங்கியில் இருக்கும் தொகை முழுதும் நம் கையில் இருக்கும் தொகை இல்லை, எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத பொது நிதி எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும், இவையெல்லாம் இந்தத் துறையின் அரிச்சுவடி. இதை நாங்கள் யாருக்கும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர்கள் எல்லோருக்கும் மாதம் ஒரு மணி நேரம் கணக்கைத் திறந்து காட்ட ஆரம்பித்தோம். மூன்றாவது மாதமே ஒருவர் கேட்டார்: "ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு ஏன் வேறு வேறு சம்பளம்?" வெவ்வேறு நன்கொடையாளர் பணத்தில் வெவ்வேறு காலத்தில் சேர்ந்ததால் வந்த வித்தியாசம் அது. நியாயமான காரணம் ஒன்றும் இல்லை. சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது. கணக்கைத் திறந்தால் இப்படிக் கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் நாளைக்கு நிறுவனத்தை நேர்மையாக நடத்தப்போகிறவர்.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'சேவை மனப்பான்மை' என்ற சொல்லைக் காட்டிக் குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்தும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. அதன் பலன் என்ன என்றால், வீட்டில் வசதி இருப்பவர்கள் மட்டும் தாக்குப்பிடிப்பார்கள். குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள், அதாவது நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அந்த மக்களிலிருந்து வந்தவர்கள், மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள். பிறகு தலைமையில் அவர்களே இல்லையே என்று நாமே வருந்துவோம். எனக்கு இது வெறும் நிர்வாக விஷயமாகத் தெரியவில்லை, அநியாயமாகத் தெரிகிறது.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணியாளர் வளர்ச்சிக்கான செலவை 'நிர்வாகச் செலவு' என்று பார்த்து வெட்டும் நன்கொடையாளர்கள் உண்டு. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமைப்புகளே 2013-இல் நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதின. நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை அளக்காதீர்கள், பயிற்சிக்கும் திட்டமிடலுக்கும் நிறுவனங்கள் செலவழித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். நாங்கள் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிதி விண்ணப்பத்திலும் பணியாளர் வளர்ச்சிக்கென்று தனியாக ஒரு வரி எழுத ஆரம்பித்தோம். முதல் நன்கொடையாளர் அந்த வரியை அடித்துவிட்டார். இரண்டாமவர் ஏன் என்று கேட்டார், விளக்கினோம், ஏற்றுக்கொண்டார். எழுதாமல் இருந்திருந்தால் இரண்டாமவருக்கும் அது தெரிந்திருக்காது.

நிர்வாகக் குழுவில் இளையவர் ஒருவரைச் சேர்த்ததும் முதலில் கோணலாகத்தான் போனது. ஒரு பெண்ணைச் சேர்த்தோம். இரண்டு கூட்டம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தைரியம் போதவில்லை என்று குழுவில் பேச்சு வந்தது. பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில், அதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்கவில்லை. மூன்றாவது படி, பெயரளவுக்கு உட்காரவைப்பது. நாங்கள் அந்தப் படியில் நின்றுகொண்டு அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்கான ஆவணங்களை முந்தின நாள் இரவு அனுப்புவோம். மற்றவர்கள் பதினைந்து வருடமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பாதிச் செய்தி அவர்களுக்குள் முன்பே பேசி முடிந்திருக்கும். பிறகு மூன்றை மாற்றினோம். ஒருவருக்குப் பதிலாக இரண்டு இளையவர்கள். ஆவணங்கள் ஒரு வாரம் முன்பே. கூட்டத்துக்கு முன் பொருளாளர் அவர்களோடு உட்கார்ந்து எண்களை விளக்குவது. நான்காவது கூட்டத்தில் அந்தப் பெண், நாங்கள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டிருந்த ஒரு புதிய மையத்துக்கு எதிராகப் பேசினார். இருக்கும் மையங்களுக்கே ஆசிரியர் போதவில்லை என்றார். புதியது திறக்கும் யோசனையை ஒரு வருடம் தள்ளிப்போட்டோம்.

களப்பணியாளராக இருந்த அந்த இளைஞர் இப்போது திட்டங்கள் அனைத்தையும் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் நான் ஒரு மாதம் விடுப்பில் போனேன், போனைக்கூட எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது நான் எடுத்திருக்காத இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தன. ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது.

ராஜினாமா செய்துவிட்டுப் போனவர் வேறொரு நிறுவனத்தில் ஒரு பெரிய திட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். எங்களுக்குள் பேச்சு விட்டுப்போகவில்லை. மூன்று கட்டத் தாளைப் பற்றி ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். அந்தத் தம்பியைக் குழுவின் முன் நிற்க வைத்ததையும் சொல்லியிருந்தேன். சென்ற மாதம் அவருக்குக் கீழே புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பெண்ணுக்காக எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்றார். என்னுடைய மூன்று கட்டமும் அதில் இருந்தது. வலது ஓரத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'தவறினால் பதில் சொல்பவர்' என்று எழுதியிருந்தார். கீழே ஒவ்வொரு வரியிலும் தன் பெயரையே எழுதியிருந்தார்.